பதினோராம் பக்கத்து ஜன்னல்

தொண்ணூறுகளின் நடுவில், கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்கென்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் பத்திரிகைதான். ஆசிரியர், ஓவியர், விநியோகம் எல்லாம் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த நானே. மொத்தம் ஒரே பிரதி. ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கி, கடைசியில் விட்டிருக்கும் வெற்றுத் தாளில் வாசகர் கருத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

முதல் இதழ் மண்ணைக் கவ்வியது. தம்பியின் கடி ஜோக் பக்கத்தில் மட்டும் எல்லா வீட்டு எண்ணெய்க் கறையும் இருந்தது. நான் பாடுபட்டு எழுதிய சுறா மீன் கட்டுரை புதுக்கருக்கு அழியாமல் திரும்பி வந்தது. எதிர் வீட்டு அங்கிள் மட்டும் கருத்து எழுதியிருந்தார்: "பொருளடக்கம் பள்ளி வருகைப் பதிவேடு போல இருக்கிறது. எதைப் படிப்பது என்று தெரியவில்லை." அவர் அப்பாவுக்கு மேலதிகாரி, செய்தித்தாளையே சிவப்புப் பேனாவோடு படிப்பவர். அவர் கையால் 'நன்று' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அந்தக் கோடை விடுமுறையில் எனக்கிருந்த ஒரே லட்சியம்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் பாய் ஒருவர் புத்தகக் கடை வைத்திருந்தார். வார இதழ்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். அம்மா காய்கறி வாங்கும் நேரமெல்லாம் நான் அங்கே நின்று, ஒவ்வொரு இதழிலும் 'உள்ளே...' என்று போட்ட அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

"இன்னாமா, எல்லாரும் கதைய ஓசில படிப்பாங்க. நீ இன்னா வெறும் அட்டவணைய மேஞ்சிக்கினு கீறே?" என்றார் பாய்.

நான் மேய்ந்ததில் விஷயம் இருந்தது. வாங்க வருகிறவர்களின் விரலைக் கவனித்தேன். முதலில் படத்துக்குப் போகும். அங்கிருந்து தடித்த எழுத்துக்கு, பிறகு பக்க எண்ணுக்கு. எண் பெரிதாக இருந்தால் கை தானாகவே பக்கத்தைப் புரட்டியது. மூலையில் பொடி எழுத்தில் கிடந்தவற்றை நாய்கூடச் சீண்டவில்லை.

இரண்டாவது இதழின் 'உள்ளே' பக்கத்தை அந்த ஞானத்தோடு வரைந்தேன். தலைப்புகள் நீலம், எண்கள் சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஆசைகாட்டும் ஒரு வரி. நட்டநடுவில் மஞ்சள் அடித்த ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன வருகிறதோ அதைத் தாண்டி ஒருவரும் போக முடியாது என்பது என் துணிபு.

அந்தக் கட்டத்தின்மேல் மாமா கண் வைத்தார். அம்மாவின் தம்பி, மதுராந்தகத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னா எடிட்டரே, மாமாவுக்கு அந்த மஞ்சக் கட்டத்துல ஒரு எடம் குடுக்க மாட்டியா?"

மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தையும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கித் தந்தார். கொடுத்துவிட்டேன். கவிதையின் பெயர் 'எதிர் ஜன்னல்'. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார். எங்கள் சமையலறைக்கு நேர் எதிரே அங்கிள் வீட்டு ஜன்னல் இருந்ததும், அங்கிளின் மகளான அக்கா மாலையில் அங்கேதான் தலை வாருவார் என்பதும் எனக்குத் தெரியும். கவிதைக்கும் அதற்கும் முடிச்சுப் போடத்தான் தெரியவில்லை. கட்டத்தில் அழகாக ஒரு ஜன்னல் வரைந்து, பக்கம் 11 என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

அம்மா கவிதையைப் படித்தார். "இது எந்தப் பக்கத்துலடீ வருது?"

"பதினொண்ணும்மா. கட்டம் கட்டிட்டேன். எல்லாரும் மொதல்ல அங்கதான் போவாங்க."

அம்மா மாமாவைக் கூப்பிட்டார். "எதிர் வூட்டுக்காரரு கண்ணுல இது பட்டுச்சோ, நீ மொத பஸ்ல மதுராந்தகம் போயிடுவ. நாங்க அவரு மூஞ்சில எப்படிடா முழிக்கறது?"

"அக்கா, வெறும் கவிதக்கா அது..."

"கவிதயாம்!"

அம்மாவுக்குக் கவிதை பிடிக்கவில்லை என்று புரிந்தது. நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் அசையக் கூடாது என்று நானும் விறைப்பாக இருந்துவிட்டேன். ஆனால் மறுநாள் அம்மாவே, "குடு, நானே தைச்சுத் தர்றேன்" என்று தாள்களை வாங்கி, கோணி ஊசியால் தைத்து, எதிர் வீட்டுக்கும் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சமையலறை ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் மாமா, கடவுளை வேண்டுகிறவர் முகத்தோடு. அங்கிள் பால்கனியில் உட்கார்ந்து 'உள்ளே' பக்கத்தைத் திறந்தார். விரல் நேராக மஞ்சள் கட்டத்துக்குப் போனது. பதினோராம் பக்கத்தைப் புரட்டினார். முகம் சுளித்தார். மறுபடி கட்டம், மறுபடி பதினொன்று. பிறகு வயிறு குலுங்கச் சிரித்து மகளைக் கூப்பிட்டார். அக்கா பத்திரிகையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த ஒரு தாளை ஜன்னலில் வெயில் படுகிற இடத்தில் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். என் தாளின் தரத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா பத்திரிகையோடு மூடி போட்ட ஒரு கிண்ணத்தையும் கொண்டுவந்தார். உள்ளே பாகற்காய்க் குழம்பு. பாகற்காய் வாடை பட்டாலே வெளியே போய்விடுகிற மாமா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கிண்ணத்தையும் வழித்து நக்கினார்.

பத்திரிகையைத் திறந்த எனக்குத்தான் தலை சுற்றியது. பதினோராம் பக்கத்துக் கவிதையின்மேல், மைதா பசை தடவி, அம்மா வேறொரு தாளை ஒட்டியிருந்தார். 'பாகற்காய்க் குழம்பு, வெல்லம் சேர்த்தது.' அடியில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி: "செய்து பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பவும்." வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு எழுத்து அத்தனையும் தெரிந்தது. கடைசித் தாளில் அங்கிள் எழுதியிருந்தார்: "ஜன்னலைக் காட்டிப் பாகற்காயைத் தந்திருக்கிறீர்கள். ஆனால் பொருளடக்கம் நன்று."

அந்த 'நன்று' எனக்கு இனிக்கவில்லை. 'உள்ளே' ஒன்றைச் சொல்லி, பக்கத்தில் இன்னொன்று இருப்பது பத்திரிகைக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு! அடுத்த இதழில் பிழை திருத்தம் போடப்போவதாக அறிவித்தேன். வேண்டாம் என்றார் அம்மா. வேண்டவே வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார் மாமா. பிற்பாடு எனக்கு அத்தையாகி வந்த அந்த அக்காவிடமே நியாயம் கேட்டுப் போனேன்.

"அதுல பிழையே இல்லியே" என்று சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினார்.

இவர்களில் ஒருவருக்குக்கூடப் பத்திரிகை படிக்கத் தெரியவில்லை என்று நொந்தபடி வீட்டுக்கு வந்தேன்.