நிலாவில் குடும்ப விசா

எண்பதுகளின் நடுவில் நானும் உம்மாவும் காயல்பட்டினத்திலிருந்து விசிட் விசாவில் துபாய்க்கு வந்து, அல் குசைஸில் வாப்பாவோடு தங்கியிருந்தோம். விசா முடிவதற்குள் உம்மா ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இருப்பதாக இருந்தால் வாப்பா குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்வார். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வாப்பா தன் கடைக்குப் போய்விடுவார். உம்மா ஜன்னலைத் திறந்து வெளியே கிடக்கும் மணலைப் பார்ப்பாள்; பெருமூச்சு விட்டு மூடிவிடுவாள். எனக்கோ திரும்பிப் போக மனமே இல்லை. ஊரில் வாப்பா கிடையாது, வீடியோ டெக்கும் கிடையாது.

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, எங்களோடுதான் இருந்தார். கடையின் ஒரு பக்கத்தில் கேசட் வாடகைக்கு விடுவது அவர் பொறுப்பு. வேலை முடிந்து நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் பழைய பிரிட்டிஷ் விண்வெளிப் படங்கள். கறுப்பு வெள்ளை, பாட்டு கிடையாது, சண்டையும் பேருக்குத்தான். வாடிக்கையாளர் ஒருவரும் சீந்தவில்லை. மத்தியானம் கடையை அடைத்து வந்து சாப்பிட்டதும் வாப்பா தூங்கப் போவார். சாச்சா ஒரு கேசட்டோடு என்னைக் கூப்பிடுவார்.

அவ்வளவு ஏழையான படங்களை நான் அப்புறம் பார்த்ததில்லை. ராக்கெட்டைத் தொங்கவிட்ட நூல் பளிச்சென்று தெரியும். வேற்றுக்கிரகத்து ஜந்து திரும்பினால் முதுகில் ஜிப். உலகம் அழியப் போகிற நேரத்திலும் விஞ்ஞானிகள் கோட்டும் டையுமாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஆனால் ஒருவராவது சிரிக்க வேண்டுமே! அட்டைச் சுவரில் ஒட்டிய பொத்தானை அத்தனை பயபக்தியோடு அழுத்துவார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு நூலைக் கவனிக்க எனக்கு மனம் வராது. எத்தனை கோடி கொட்டி எடுத்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்தப் படங்கள்தான் உசத்தி.

சாச்சாவுக்குத் தெரிந்தது கடைக்கு வேண்டிய இங்கிலீஷ் மட்டும். அதை வைத்துக்கொண்டு தைரியமாகக் கதை சொல்வார். உம்மா எங்களோடு வந்து உட்கார மாட்டாள். எங்கள் குடும்பத்தில் மதினியும் கொழுந்தனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. அடுப்படி வாசல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் சொல்லிக் கேட்கச் சொல்வாள்.

ஒரு நாள் போட்ட படத்தில் சிலர் நிலாவில் குடியேறியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். கோட்டு போட்டவர் அவளிடம் கையை ஆட்டி ஏதோ பேசினார்.

"இந்த நிலாவுல என்ன இருக்குன்னு பொண்டாட்டி கேக்குறா. கொஞ்சம் பொறு, எல்லாம் வந்துரும்னு அவரு சொல்றாரு," என்றார் சாச்சா.

"அந்தப் பொம்பளைக்குப் பேச்சுத்துணைக்கு ஆளிருக்கான்னு கேளு," என்றாள் உம்மா.

கேட்டேன். சாச்சா தலையைச் சொறிந்தார். "பக்கத்து ராக்கெட்டுல ஒரு குடும்பம் வருதாம். நம்ம ஊர்க்காரங்கதான்."

நிலாவில் காயல்பட்டினத்துக்காரர்கள் இருப்பது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. அவர்கள் எங்கேதான் இல்லை?

"புள்ள படிக்கப் பள்ளிக்கூடம் இருக்காமா?"

"இருக்காம். பஸ்ஸு வாசலுக்கே வருமாம்."

உம்மா வாய்விட்டுச் சிரித்தாள். துபாய்க்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் படம் முடியும் நேரத்தில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு ராக்கெட்டில் ஏறத் தொடங்கினார்கள். அந்தப் பெண் ஏணியில் நின்று, நிலாவைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். சாச்சாவின் முகம் செத்துப்போய்விட்டது.

"என்ன சாச்சா, ஊருக்கே போறாங்களா?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுப்படித் திரை கொஞ்சம் அசைந்தது. "லீவுக்குப் போறாங்கன்னு சொல்லு. லீவு முடிஞ்சதும் திரும்பி வந்துருவாங்க," என்றாள் உம்மா.

சாச்சா டெக்கைக்கூட அணைக்காமல் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த வாப்பாவை எழுப்ப ஓடினார்.

வளர்ந்த பிறகு அந்தப் படம் மறுபடி பார்க்கக் கிடைத்தது. அதில் யாரும் யாருக்கும் பொண்டாட்டி இல்லை. இந்தப் புழுதியில் இனி காலே வைக்க மாட்டேன் என்றுதான் அந்தப் பெண் ஏணியில் நின்று சொல்கிறாள். உம்மாவிடம் போய்ச் சொன்னேன். உம்மா சிறுவயதில், கொழும்பில் வியாபாரம் செய்த தன் வாப்பாவோடு இருந்து, கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள்.

"தெரியும். எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு," என்றாள்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? உள்ளே வாப்பா எதற்கு அப்படிச் சிரிக்கிறார் என்றுகூட யோசிக்கவில்லை. லீவு முடிந்து அவர்கள் நிலாவுக்குத் திரும்பி வருகிற கேசட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, சாச்சாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.