சொந்தக் குரலில் சொல்ல வேண்டும்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில், குடிகாடு நெருங்கினால் பாதிப் பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் அங்கேதான் இறங்குவேன். ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் 2005இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டைம் ஆபீஸ் என்றால் கேட்டை ஒட்டி ஓர் ஒற்றை அறை. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்து வைப்பதுதான் அங்கே வேலை. அதில் என் பங்கு, உடம்பு முடியாதவர்களின் ரெஜிஸ்டரும் அதற்கென்றே இருந்த ஒரு டெலிபோனும்.

உடம்பு சரியில்லை என்றால் ஷிப்ட் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போன் செய்து சொல்லிவிட வேண்டும். டோக்கன் நம்பர், எந்தச் செக்சன், உடம்புக்கு என்ன, எப்போது வருவார் என்று நான்கு கேள்விகள். இதைவிட முக்கியமான விதி ஒன்று நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் இருந்தது. வர இயலாதவர் தம் சொந்தக் குரலில் தெரிவிக்க வேண்டும். பிறர் தெரிவித்தால் ஏற்கப்படாது.

அந்த விதி வந்ததற்குக் காரணம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்னால் குடித்துவிட்டுக் கிடப்பவர்களுக்காக மச்சான்மார்கள் போன் செய்வது வழக்கமாகிவிட்டதாம். ஒரே ஆளுக்குக் காய்ச்சல் என்று மச்சானும், ஊரில் சாவு என்று மாமாவும் ஒரே காலையில் போன் செய்திருக்கிறார்கள். அன்றைக்கே எங்கள் மேனேஜர் நோட்டீஸை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்.

நான் அந்த வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. உண்மையில் முடியாதவன் குரல் எது, நம்பரைச் சொல்வதற்கு முன்னால் எடுத்து வைக்கிற இருமல் எது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். வயிற்றுப்போக்கு என்று சொல்கிறவருக்குப் பின்னால் கல்யாண மேளம் கேட்கும். நான் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டு, "மாப்பிள்ளைய கேட்டதா சொல்லுங்க" என்பேன். அந்தப் பக்கம் டக்கென்று போன் வைக்கிற சத்தம் கேட்கும்.

2006 ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்தே கால் இருக்கும். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு வர வேண்டிய ஒருவருக்காக ஒரு பெண் பேசினாள்.

"டைம் ஆபீஸுங்களா? பேக்கிங் செக்சன், நானூத்திப் பதினேழு. அவரு இன்னிக்கு வரமாட்டாரும்மா. ஒடம்பு முடியல."

"நீங்க யாரு?"

"அவரு வூட்டுக்காரம்மா. கீரப்பாளையத்துலேருந்து பேசறேன்."

"அவரையே பேசச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா எழுத முடியாது."

"அவரால பேச முடியலம்மா."

அந்த வார்த்தையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தொண்டை கட்டிக்கொண்டவர்கள், பல் பிடுங்கியவர்கள், தூங்கிக்கொண்டிருப்பவர்கள் என்று எல்லோருக்கும் அதையேதான் சொல்வார்கள்.

"ரெண்டு வார்த்த சொன்னாப் போதும். பன்னண்டுக்குள்ள பேசணும், இல்லன்னா ஆப்சென்ட் விழும்."

அவள் "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். எனக்கு அந்த மனிதரைத் தெரியும். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூட்டை தைக்கிற மெஷினில் வேலை. எதிரே பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர். போன மாதம்தான் சொல்லாமல் மூன்று நாள் நின்றதற்காக அவருக்கு மெமோ போயிருந்தது. வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டதாம். அந்த மெமோவை டைப் அடித்ததும் நான்தான்.

பதினொன்றரைக்கு மறுபடி போன் வந்தது. காசு விழுகிற சத்தம், பக்கத்தில் ஆட்டோ என்ஜின் ஓடுகிற சத்தம். ஒருவர் கனமாக மூச்சு விட்டார்.

"சொல்லுங்க," என்றேன்.

"நா..."

"சொல்லுங்க, கேக்குது."

"நா... நா..."

அதற்கு மேல் வரவில்லை. பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "நம்பர மட்டும் சொல்லுங்க. நானூத்தி... சொல்லுங்க, நானூத்தி..." வேறு ஒரு ஆண் குரல், "அக்கா, இந்தப் பக்கம் புடி, சாயறாரு" என்றது. ரிசீவர் எதிலோ மோதியது. பிறகு அவள் பேசினாள்.

"அவரு கொரல் கேட்டுச்சாம்மா? அவருதாம்மா. எழுதிக்கிறியா?"

"என்னாச்சுக்கா அவருக்கு?"

"காலையில எழுந்திருக்கறப்பவே ஒரு பக்கம் இழுத்துக்கிச்சி. வாய் கோணிப்போச்சி. ஆட்டோ இப்பதான் கெடச்சிது, ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டு இருக்கோம். வழியில நிறுத்திப் பேச வச்சேன்."

"போங்கக்கா! மொதல்ல போங்க!" நான் எழுந்து நின்று கத்தினேன். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

எழுதியிருக்கவில்லை. பேனாவை எடுத்தேன். நம்பர் எழுதினேன். உடம்புக்கு என்ன என்ற கட்டத்தில் எதையும் எழுத முடியவில்லை. ஒரு பக்கம் விழுந்துபோன மனிதரை ஆட்டோவிலிருந்து இறக்கி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, ஏதோ ஒரு கடைக் காயின் பாக்ஸ் முன்னால் மழையில் நிறுத்தி, நம்பர் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டதால்தான் செய்தார்கள்.

அன்று சாயந்திரம் மேனேஜர் அறைக்குப் போனேன். ஓய்வுபெற ஒன்றரை வருடம்கூட இல்லாத மனிதர். யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"நீ என்ன சொன்ன அந்தம்மாகிட்ட?"

"நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன் சார்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கேட் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். நோட்டீஸ் போர்டைத் திறக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்த பேனாவால் அந்தக் கடைசி இரண்டு வரியை அடித்தார். "நாளைக்கு வேற டைப் அடிச்சு ஒட்டு. வீட்ல யார் சொன்னாலும் எழுதிக்கலாம்," என்றார். செக்யூரிட்டி சல்யூட் அடித்ததைக்கூடக் கவனிக்காமல் திரும்பிப் போனார்.

விதி மாறியது. ஆனால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கீரப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வயலுக்கு நடுவே போகிற தெருவில் கடைசி வீடு. வெள்ளம் வந்த உயரத்துக்குச் சுவரில் கோடு விழுந்திருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் தனியாகக் கிடந்தது.

கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை நிறுத்தி என்னையே பார்த்தாள்.

"நீதான அந்த போன்ல பேசற பொண்ணு?"

தலையை ஆட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை. அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அய்ய, எதுக்கு அழுவுற?" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என்னை உட்காரவைத்தாள். "நீ என்னா தப்பு செஞ்ச? உங்க ஆபீஸ் ரூல நீ சொன்ன. வேல போயிடுமோன்னு பயந்து நான் நிறுத்தச் சொன்னேன். போற வழிதான், ரெண்டு நிமிசம்."

அந்த இரண்டு நிமிடம் எதையாவது கெடுத்ததா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ரூல் மாறிவிட்டது, இனிமேல் நீங்களே பேசினால் போதும் என்று நான் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கியதுமே அவள், கட்டில் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருவரைக்கும் வந்தாள்.

"ரூல் மாறுனத அவருகிட்ட சொல்லிடாத பாப்பா. ஆஸ்பத்திரியில பேச வைக்கச் சொல்லி அனுப்பிருக்காங்க. என்கிட்ட பேச மாட்டேங்கறாரு. வெக்கமோ கோவமோ தெரியல, மூஞ்சத் திருப்பிக்கறாரு. ஆபீஸுக்குப் பேசணும்னா பேசுவாரு. அன்னிக்கு அந்த ஆட்டோவுல, அந்த நெலமையிலயும், நிறுத்தச் சொன்னது நான்னாலும், பேசணும்னு எறங்க முண்டுனது அவருதான்."

நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை திங்கட்கிழமை தகவல் சொல்ல வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம்.

அதன்பின் ஒவ்வொரு திங்களும் பத்து மணிக்கு போன் வரும். பக்கத்து வீட்டில் புதிதாக செல்போன் வாங்கியிருந்தார்கள், அதிலிருந்து. முதல் நாலைந்து வாரம் "நா" மட்டும்தான். நான் மற்றவர்களிடம் கேட்பதுபோலவே கேட்பேன். டோக்கன் நம்பர் என்ன? காத்திருப்பேன். மூச்சு கேட்கும். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். "சரிண்ணே, அடுத்த திங்கக்கெழம பேசுங்க" என்று வைப்பேன். அவர் பேசும்போது அறையிலிருந்த இன்னொரு போன் அடித்தாலும் எடுக்க மாட்டேன். ஆபீஸில் இருந்தவர்களுக்கும் பழகிவிட்டது. பத்து மணிக்கு யாராவது சத்தமாகப் பேசினால், எனக்கு முன்னால் வேறு யாராவது அதட்டிவிடுவார்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு திங்கள் "நானூத்தி" என்றார். முழுசாக. அடுத்த மாதம் பதினேழும் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார் என்று நினைக்கிறேன், அல்லது சிரித்தார். போனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. அவர் மனைவி போனை வாங்கி, "காலையிலேயே குளிச்சி, கம்பெனி சட்டைய எடுத்துக் குடுன்னு கைய காட்டறாரு. சட்ட போட்டாத்தான் போனத் தொடறாரு" என்றாள்.

கோடையில் நான்கு கேள்விகளுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "ஒடம்பு... செரியில்ல" என்பார். எப்போது வருவீர்கள் என்று கேட்டால், "வரு... வேன்" என்பார்.

ஆனால் நான் மறக்காத திங்கள் அவற்றில் எதுவும் இல்லை. ஆவணி மாதம் என்று ஞாபகம். நான்கு பதிலையும் சொல்லி முடித்திருந்தார். நான் வைக்கப் போனேன்.

"பாப்பா," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

நீண்ட நேரம் ஆயிற்று. "அங்க... மழயா?"

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். யாரும் கேட்கச் சொல்லாத கேள்வி. எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத கேள்வி. "இல்லண்ணே, இங்க வெயிலுதான்" என்றேன். "இங்க... மழ" என்றார் அவர். அவ்வளவுதான் பேசினோம். வைத்ததும் எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

2008 தொடக்கத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். மெஷின் பக்கம் வேண்டாம் என்று மேனேஜர் அவரை ஸ்டோர்ஸில் போட்டார். சாக்குகளை அளவு பார்த்து அடுக்கி வைக்கிற வேலை. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகியிருந்தார். முதல் நாள் டைம் ஆபீஸ் ஜன்னல் முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். அவர் வீட்டில் நான் அழுததை அவர் பார்த்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பழையபடி தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். அந்த மாதமே மேனேஜர் ஓய்வு பெற்றார். விடைபெறும் கூட்டத்தில் ஸ்டோர்ஸ்காரர்கள் சார்பில் மாலை போட இந்த அண்ணனைத்தான் அனுப்பினார்கள். ஒற்றைக் கையால் போட முடியாமல் மாலை தோளில் சிக்கியது. மேனேஜர் குனிந்து தலையைக் கொடுத்தார்.

2010இல் எனக்குக் கல்யாணமாகி, சிதம்பரத்திலேயே ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. குடிகாட்டுக்கு பஸ் ஏறுவது நின்றுபோனது. புதிய இடத்தில் உடம்பு முடியவில்லை என்றால் மெசேஜ் அனுப்பினால் போதும். யாருடைய குரலும் யாருக்கும் தெரியாது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது 2012இல், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில். ஒரு கண்டக்டரை மறித்து நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கீரப்பாளையம் ஸ்டாப்பில் நிறுத்தாமல் தாண்டிப்போய் நிறுத்தினார்களாம். வார்த்தைகள் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் வந்தன. ஆனால் நிற்காமல் வந்தன. "மனுசன்... நடந்து வர வேணாமா? இந்தக் காலோட... நடந்து பாரு நீ!" கண்டக்டர் பயந்துபோய், சரிங்க பெரியவரே, சரிங்க என்று பின்வாங்கிக்கொண்டிருந்தான்.

அவர் மனைவி காய்கறிப் பையோடு தள்ளி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"பாத்தியா உங்கண்ணன?" என்றாள். "பேச்சு வந்ததும் வந்துது, வூட்லயும் சரி, தெருவுலயும் சரி, வாய மூட முடியல. ஒரு நாளாவது சும்மா இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தோம்.