துணைக்குப் படித்த பாஷை

எங்கள் ஜப்பானிய வகுப்பில் கிண்ணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கறுப்புமில்லாத பழுப்புமில்லாத ஒரு நிறம், அகன்ற வாய், ஒரு பக்கம் இலேசான கோணல். மிஸ் ஜப்பானில் படித்துவிட்டுத் திரும்பியபோது, பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். முதல் நாள் அதை மேசையில் வைத்து எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல என்னா இருக்கு? கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டி மாதிரி இருக்கு" என்று அக்காவின் காதில் சொன்னேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். நல்லவேளை, அந்த வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மாவிடம் அடி விழும் என்பதால் நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எனக்கு அக்காதான். இலங்கையில் எஹலியகொடவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடுகள். அவள் வீட்டில் குழம்பு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் சாதாரண தரத்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, முடிந்துவிடும். அதற்குமேல் படிப்பதென்றால் டவுனில் இருந்த சிங்களப் பள்ளிக்கூடம்தான். கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பேசிப் பேசிச் சிங்களம் எங்களுக்கு வீட்டுப் பாஷை மாதிரி ஆகியிருந்தது. அதனால் அங்கே போய்ச் சேர்வதில் பயம் இருக்கவில்லை.

உயர்தரத்தில் அக்கா எடுத்த பாடங்களில் ஒன்று ஜப்பானிய மொழி. அந்த ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். டவுனில் வேன் விற்கிற முதலாளி ஒரு வருஷம் பெரியப்பாவுக்கு ஒரு கலண்டர் கொடுத்தார். மாதத்துக்கு ஒரு ஜப்பான் படம். பனி மூடிய மலை, சிவப்புப் பாலம், இலையே இல்லாமல் பூவாகவே நிற்கிற மரங்கள். வருஷம் முடிந்ததும் எல்லோரும் கலண்டரைக் கிழித்துப் புத்தகத்துக்கு உறை போடுவோம். அக்கா அந்தப் படங்களைச் சோறு வடித்த கஞ்சியால் சுவரில் ஒட்டினாள். இரவில் குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "என்னாக்கா பாக்குற?" என்றால், "அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கும்னு யோசிக்கிறேன்" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

பிரச்சினை என்னவென்றால் ஜப்பானிய வகுப்பு பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் நடக்கும். முடிந்து பஸ் பிடித்து மெயின் ரோட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். அங்கிருந்து லயத்துக்கு ரப்பர் மரங்களுக்குள்ளே நடக்க வேண்டும். பெரியம்மா ஒரே போடாகப் போட்டாள்: "இருட்டுற நேரத்துல பொம்பளப் புள்ளை ஒத்தையில வர வேணாம். இவளும் அதையே படிக்கட்டும், ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. இல்லாட்டி ஒனக்கும் வேணாம்." எனக்கோ சித்திரப் பாடத்தில்தான் மனசு. என்னை ஒரு வார்த்தை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அம்மா தலையாட்டினாள், அப்பா தலையாட்டினார், என் கதை முடிந்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகளைக் கடைக்கும் கோயிலுக்கும் துணைக்கு அனுப்புவார்கள். என்னை ஒரு பாஷைக்கே துணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சொல்லக் கூடாது, முதல் வருஷம் முழுவதும் நான் அந்த வகுப்பில் தூங்கினேன். வெயிலில் வந்த களைப்பு, மத்தியானம் சாப்பிட்ட சோறு, மிஸ்ஸின் மெல்லிய குரல், எல்லாம் சேர்ந்து கண்ணைச் சொக்கும். அக்கா முழங்கையால் இடித்து இடித்து என் விலாவே புண்ணானது. திரும்பி வரும் வழியில் அன்றைய பாடம் முழுவதையும் எனக்கு மறுபடி சொல்லித் தருவாள். ரப்பர் மரங்களைக் காட்டி, "இது மரம், அது மழை, இது அட்டை" என்று ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே வருவாள். அட்டைக்கு ஜப்பானிய மொழியில் என்ன என்று மிஸ்ஸுக்கே தெரியவில்லை, இவள் அகராதியில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ரப்பர்ப் பால் வெட்டுகிற ஆட்கள் எதிரே வந்தால் நின்று இடுப்பை வளைத்து ஜப்பான்காரர்கள் மாதிரி கும்பிடுவாள். "இந்தப் புள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று அவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். இப்போது அந்த நடையை நினைத்தால் நெஞ்சு இனிக்கிறது. நான் கற்ற ஜப்பானிய மொழியில் முக்கால்வாசி அந்த மண்பாதையில் கற்றதுதான்.

இரண்டாம் வருஷம் மிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஜப்பானிலிருந்து ஓர் அம்மா வரப்போகிறார், மொழி படிக்கிற பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, கொஞ்ச நாட்களுக்கு ஜப்பானுக்கு அழைத்துப் போவார். வகுப்பு முழுவதும் "ஹே" என்று கத்தியது. அக்கா கத்தவில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது. அன்று வழியில் பாடம் இல்லை, பேச்சும் இல்லை. வீட்டு வாசலில் வைத்து மட்டும், "எனக்குக் கெடைக்கலைன்னா நான் செத்துருவேன்டி" என்றாள். "செத்துட்டா எப்படிப் போறதாம்?" என்றேன். சிரிக்கவே இல்லை. அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

அந்த அம்மாவுக்குக் காட்ட மிஸ் தேநீர்ச் சடங்கைத் தேர்ந்தெடுத்தார். முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். ஒருவர் பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் அடித்துக் கொடுக்க, விருந்தாளிகள் ஒரே கிண்ணத்தில் வரிசையாகக் குடிக்க வேண்டும். ஒருவர் குடித்ததும் கிண்ணத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, திருப்பி, அடுத்தவருக்கு வணங்கிக் கொடுக்க வேண்டும். தேநீர் அடிப்பது ஒரு சிங்களப் பிள்ளை, முதல் விருந்தாளி மாணவத் தலைவி, கடைசி விருந்தாளி அக்கா. நான் ஓரத்தில் நின்று தட்டு எடுத்துக் கொடுக்கிறவள். ஒத்திகைகளில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. கிண்ணத்தை அவள் திருப்புகிற அழகைப் பார்த்து மிஸ்ஸே வாயடைத்துப் போவார். இந்த வாய்ப்பு அவளுக்குத்தான் என்பதில் வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

அந்த நாள் வந்தது. பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. ஜப்பான் அம்மா நரைத்த தலையும் சின்ன உருவமுமாக, பார்த்தால் எங்கள் தோட்டத்து ஆயா மாதிரிதான் இருந்தார். அவரை முதல் விருந்தாளியாக உட்காரச் சொன்னார்கள். அவரோ கையை ஆட்டி மறுத்து, "பிள்ளைகள் முதலில் குடிக்கட்டும்" என்று சொல்லி, போய் அக்காவுக்குப் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்துகொண்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மாணவத் தலைவி குடித்தாள், துடைத்தாள், அக்காவிடம் கொடுத்தாள். அக்கா கிண்ணத்தை உயர்த்தினாள். பக்கத்தில் ஒரு பார்வை பார்த்தாள். அடுத்து குடிக்கப் போகிறவர் ஒரு பெரிய மனுஷி.

எங்கள் வீடுகளில் செம்பில் வாய் வைத்துக் குடித்தால் முதுகில் அறை விழும். அடுத்தவர் குடிக்கிற பாத்திரத்தை எச்சில் பண்ணுவதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு பெரியம்மாவின் அகராதியில் கிடையாது. துணியால் துடைத்தால் எச்சில் போய்விடுமா? ஒத்திகையில் அக்காவுக்குப் பிறகு யாரும் குடிக்கவில்லை, அதனால் இத்தனை நாளும் அது தெரியவில்லை. இப்போது கை தானாக மேலே போயிற்று. தலையை அண்ணாந்து, கிண்ணத்தை உதட்டில் படாமல் தூக்கி, அக்கா அந்தப் பச்சைத் தேத்தண்ணியை வாயில் ஊற்றினாள்.

செம்பென்றால் கழுத்து ஒடுங்கி இருக்கும். இது அகலச் சட்டி. ஊற்றியதில் பாதி வாய்க்குள் போனது, பாதி மூக்கிலும் கழுத்திலும் வழிந்து வெள்ளைச் சீருடையெல்லாம் முருங்கைக்கீரைச் சாறு கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. புரையேறி இருமினாள். மண்டபமே வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல் சிங்களத்தில், "வத்தே கெல்லோ நே" என்றது. தோட்டத்துக் குட்டிகள்தானே என்று அர்த்தம்.

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியாது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி முழுவதும் கட்டை வண்டி மாதிரி தடதடவென்று வந்தது. "இவள் என் அக்கா. இவளுக்குக் குடிக்கத் தெரியாமல் இல்லை. தன் வாய் பட்டதை உங்களுக்குத் தர அவளுக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு மரியாதை இப்படித்தான். சிரிக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது." இலக்கணம் எல்லாம் தலைகீழாக இருந்திருக்கும். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, தலை தரையில் படுகிற மாதிரி குனிந்து வணங்கி, கிண்ணத்தை எடுத்து அடியில் இருந்த மிச்சத்தைக் குடித்தார். அக்காவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். எல்லாப் பாடத்தையும் தலைகீழாக ஒப்பிக்கிற அக்காவுக்கு அப்போது ஒரு சொல் வரவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள்.

சாயங்காலம் மிஸ் என் பெயரைத்தான் சொன்னார். எவ்வளவு அநியாயம் பாருங்கள்! வகுப்பில் தூங்கினவளுக்கு ஜப்பான், கண் விழித்துப் படித்தவளுக்குக் கறைபட்ட சீருடை. அன்று மண்பாதையில் அக்கா முன்னால் வேகமாக நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, "நான் போகலைன்னு மிஸ்கிட்ட சொல்லிர்றேன் அக்கா" என்றேன். திரும்பினாள். "சொல்லித்தான் பாரேன், பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன்." சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு வந்த ஒரு மாமா, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துப் பதறிப்போனார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது: "அம்புட்டுத் தூரத்துக்குத் துணைக்கு யாரு?" யாருமில்லை என்றதும் பேச்சு முடிந்தது. அம்மா விளக்கை ஏற்றப் போய்விட்டாள். அப்போது அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது.

"சித்தப்பா, இவளுக்குப் படம் கீறத்தான் ஆசை. எனக்குத் துணைக்குன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து இவளைப் புரியாத பாசைக்கு அனுப்புனீங்க. அன்னைக்கு எனக்காகப் போனா. இன்னைக்கு இவளுக்குன்னு ஒண்ணு வந்திருக்கு, அதையும் துணை இல்லைன்னு நிப்பாட்டுறீங்க. அப்ப துணைங்கிறது எங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கா, கட்டிப் போடுறதுக்கா?"

அப்பாவின் முன்னால் அப்படி ஒரு பெண்பிள்ளை பேசி நான் பார்த்ததில்லை. பெரியம்மா ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள். அப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கடைசியில், "போய்ட்டு வரட்டும்" என்றார். நான் புறப்பட்ட அன்று அக்காதான் பையைத் தலையில் வைத்து மெயின் ரோடு வரை கொண்டுவந்தாள். பஸ் வந்ததும் சொன்னாள்: "எல்லாத்தையும் பாத்துட்டு வா. பாதியில தூங்கிறாத."

நான் தூங்கவில்லை. அந்தப் பயணம்தான் எனக்குப் பல்கலைக்கழகத்தையும் கொழும்பில் ஒரு ஜப்பான் கம்பனியில் மொழிபெயர்க்கிற வேலையையும் தேடிக் கொடுத்தது. அக்காவும் நல்ல மார்க்கோடு பாஸானாள். ஆனால் பெரியப்பா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட வருஷம் அது. வீட்டில் ஒரு சம்பளம் வேண்டியிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனாள், பிறகு கல்யாணம், பிறகு ஒரு மகள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பேசுவோம், சிரிப்போம். ஜப்பானைப் பற்றி மட்டும் அவளும் கேட்க மாட்டாள், நானும் வாயைத் திறக்க மாட்டேன். அவள் அதை மறந்துவிட்டாள் என்று நினைத்து எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கம்பனி என்னை வேலை விஷயமாக ஜப்பானுக்கு அனுப்புவதாகச் சொன்னது. செலவை நான் பார்த்துக்கொண்டால் வீட்டாள் ஒருவரையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். எனக்கு வேறு யாருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை. உடனே அக்காவுக்கு ஃபோன் அடித்தேன். மகள் எடுத்தாள்.

"அம்மா எங்கடி?"

"குசினியில சித்தி. தனியாப் பேசிக்கிட்டு இருக்காங்க."

"தனியாவா? யாரோட?"

"யாரோடயும் இல்ல. சமைக்கிறப்ப எப்பவும் அப்படித்தான். என்னா பாசைன்னே தெரியாது, எங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. அப்பா சிரிப்பாரு."

"அம்மாவைக் கூப்பிடு" என்றேன். அவள் தாயைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். "என்னாடி, இந்த நேரத்துல?" என்றாள் அக்கா. நான் சுற்றி வளைக்கவில்லை. "ஜப்பானுக்குப் போறேன் அக்கா. துணைக்கு ஆளில்ல. வர்றியா?" என்றேன்.

அந்தப் பக்கம் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, மிஸ் சொல்லித் தந்த அதே பாடப்புத்தக உச்சரிப்பில், ஒரு எழுத்துப் பிசகாமல், அக்கா சொன்னாள்:

"ஹை. இகிமாஸ்."

ஆமாம், வருகிறேன் என்றாள். தினமும் ஜப்பான்காரர்களோடு பேசிச் சம்பளம் வாங்குகிற நான், ஃபோனைக் காதில் வைத்தபடியே, அந்த மண்பாதையில் அவள் கும்பிட்ட மாதிரி இடுப்பை வளைத்துக் கும்பிட்டேன்.