மீன் சந்தைக்குப் போன கில்ட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூன் அரிசி ஆலை ஒன்றின் மானேஜராக இருந்த ஸ்காட்லாந்துத் துரைக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கும் ஆளாக இருந்தேன்.

அவர் ஊர் ஆண்கள் கில்ட் கட்டுவார்கள். முழங்கால் வரை வரும், கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. மடிப்பெல்லாம் பின்பக்கம் விழ வேண்டும். முன்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். விருந்துக்கென்றால் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் குட்டைக் கோட்டு, இடுப்புக்கு முன்னால் சங்கிலியில் தொங்கும் ரோமப் பை, காலுறையில் செருகிய சின்னக் கத்தி. சாதாரண நாளில் கோட்டு வேண்டாம். சட்டைக் கையை மடித்து, தோல் பையை மாட்டி, காலுறையைக் கணுக்காலுக்குச் சுருட்டிவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாதாரணக் கோலத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு கெமண்டைன் படகுத்துறைச் சந்தைக்கு நடப்பார். ஒருநாள் மீன் விற்ற பர்மியப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்து ஏதோ சொல்ல, பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். துரை முன்பு மதராஸில் இருந்தவர். தமிழ் அரைகுறையாக வரும், பர்மியம் வராது. எனக்கு வரும்.

"அவள் என்ன சொல்லுது?"

பெண்சாதியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அதுவும் துவைத்துச் சுருங்கிப்போனது என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்குதாம், தொரை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு விருந்து உடுப்பை எடுக்கச் சொன்னார். சித்திரை வெயில்.

"வேணாம் தொரை, தாங்காது."

"அவங்க நல்ல உடுப்பு பார்க்கணும்."

வெள்ளிப் பொத்தான்களை நானே மாட்டிவிட்டேன். படகுத்துறையை நெருங்கும்போது மயங்கி விழுந்தார். அதே மீன்காரிதான் தண்ணீர்ப் பானையோடு ஓடிவந்தாள். நான் கோட்டைக் கழற்ற, அவள் தன் மூங்கில் தொப்பியால் விசிறினாள்.

வீட்டில் அவர் தெளிந்து எழுந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "சரி, போ" என்றார். அதன்பிறகு அவர் கில்ட்டைத் தொடவில்லை, சந்தைக்கும் வரவில்லை.

சில வாரம் கழித்து மீன் வாங்கப் போனபோது அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். "உங்க துரைக்கு உடம்பு தேவலையா? அந்தத் துணியைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவர் வந்தாத்தான் எங்களுக்குப் பொழுது நல்லாப் போகுது. சும்மா கேலிக்குச் சொன்னது, மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க."

மீனைக்கூட வாங்காமல் ஓடிவந்து அப்படியே சொன்னேன். துரை பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"நீ நல்ல ஆள். எனக்கு நல்லது மட்டும் சொல்லுது."

"இல்ல தொரை, இது நெசம். அவங்களே சொன்னாங்க."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி பத்திரிகையை உயர்த்திக்கொண்டார். அவர் ஊருக்குக் கப்பல் ஏறுகிறவரை அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எந்த வார்த்தையில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.