பச்சைக் கோட்டுக்காரியும் என் புழுத்தொட்டியும்

நாலாங்கிளாஸ் தாண்டாதவன் நான். ஆரியசாலைச் சந்தையில் புளி மொத்தக்கடை போட்டேன், ஸ்ரீவராகத்தில் இரண்டு மாடி எழுப்பினேன், எழுபது வயதில் மொட்டைமாடியில் மண்புழு உரத்தொட்டியும் வைத்தேன். தொட்டிக்கு ஓட்டை போட்டதுகூட என் கைதான்.

மாதாமாதம் வீட்டுக்கு பிளாஸ்டிக் குப்பை வாங்க மாநகராட்சி ஆள் ஒருத்தி வருவாள். ஒல்லி உடம்பு, பச்சைக் கோட்டு, பின்கழுத்தில் மாட்டிய குடை. யாரும் சொல்லாமலே மாடியேறி, தொட்டியில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பாள். கையில் எப்போதும் மூடிய ஒரு ஐஸ்கிரீம் டப்பா. ஐம்பது வருஷம் சந்தையில் நின்றவனுக்குத் தெரியாதா? புழுவைத் திருடுகிறாள்.

ஒருநாள் படியில் மறித்தேன். “டப்பாவைத் திற. என் புழுவை எங்க கொண்டுபோற?”

திறந்தாள். உள்ளே நிறையப் புழு. மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: “கொண்டுபோகல்லை அண்ணாச்சி, போடக் கொண்டு வாறேன். கடையில மிஞ்சுற புளிக்கோதை இதுல கொட்டுறீங்க அல்லே? அந்தப் புளிப்புல எல்லாம் செத்துப்போகுது கேட்டோ.”

“இதுல உனக்கு என்ன லாபம்?”

“உங்களைப் பார்த்துத்தானே இந்தத் தெருவில நாலு வீட்டுல தொட்டி வச்சாங்க? இங்க நின்னுபோச்சுன்னா அவங்களும் விட்டுடுவாங்க.”

புளிக்கோது கொட்டுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் லாபமில்லாமல் ஒருத்தி இரண்டு மாடி ஏறுவாள் என்பதை இன்னும் நம்பவில்லை. அவள் வந்தால் டப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் நிற்கிறேன். புழு அவளுடையதாகவே இருக்கட்டும். அந்த நாலு வீடும் என்னைப் பார்த்து வைத்தவை. அவள் வாயாலேயே சொன்னாள். எங்கள் தெருவுக்கு உரத்தொட்டி வந்ததை யார் எழுதினாலும் முதல் பேர் என்னுடையதாக இருக்க வேண்டும்.