மணிக்கட்டில் ஒரு முடிச்சு

மாசாணியம்மாளுக்குக் கோபம் வரும் என்பது அந்தப் பிளேக் கொட்டகையில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவை யாருக்கும் வந்ததில்லை. பீளமேட்டுக்குப் போகும் சாலையிலிருந்து ஒதுங்கி, சோளக்காட்டுக்கு நடுவே தகரம் வேய்ந்து நின்றது அந்தக் கொட்டகை. பனிக்காலம் வந்து கோயமுத்தூர் வீடுகளில் எலி செத்து விழத் தொடங்கினால் அதைத் திறப்பார்கள். திறந்த அன்றே மாசாணியையும் அவள் புருஷன் ராமுலுவையும் வரச் சொல்லி ஆள் வந்துவிடும். மலமும் வாந்தியும் அள்ள, நோயாளியைத் தூக்கிப் புரட்ட, செத்தவரைச் சுமந்து வெளியே கொண்டுபோக ஆள் வேண்டுமே. அந்த வேலைக்கு மட்டும் அவர்கள் தெருவின் நினைவு ஊருக்குத் தவறாமல் வரும். மற்ற நாளில் அந்தத் தெருக்காரர் நிழல் மேலே பட்டாலே முகம் சுளிக்கிற ஊர் அது.

அந்த வருஷம் வந்த டாக்டர் கோவிந்தராஜுலு நல்லவர்தான். அள்ளுகிறவர்களுக்கும் அங்கியும் ரப்பர் கையுறையும் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கி வந்தார். எப்படிப் போட வேண்டும் என்று தானே செய்தும் காட்டினார். அங்கியின் கை நீளமானது. அதன் விளிம்பைக் கையுறையின் வாய்க்குள் விட வேண்டும். அதன்மேல் நாடாவை இறுக்கிச் சுற்றி மணிக்கட்டில் முடிச்சுப் போட வேண்டும். இடைவெளி தெரிந்தால் அதன் வழியே தெள்ளுப்பூச்சி ஏறிவிடும். நோயாளியின் துணியிலிருந்து வருகிற தெள்ளு ஒரே ஒரு கடி கடித்தால் போதும். நாடாவில் வாய் வைக்கவே கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார்.

எல்லாம் சரி. தன் மணிக்கட்டில் தானே முடிச்சுப் போட யாரால் முடியும்? டாக்டருக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை. காலையில் அவர் கையை நீட்டுவார். கம்பவுண்டர் அப்புசாமி பூமாலை கட்டுகிற பதமாகக் கட்டிவிடுவார். ராமுலுவுக்கு மாசாணி கட்டினாள், மாசாணிக்கு ராமுலு கட்டினான். அதனால் அந்தக் கேள்வி யார் காதிலும் விழவில்லை.

மார்கழியில் மாசாணிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அவள் குடிசையில் படுத்திருந்த அன்று ராமுலு தனியாகப் போனான். அங்கி போட்டான், கையுறை போட்டான், போய்க் கம்பவுண்டர் முன்னால் தள்ளி நின்று கையை நீட்டினான். அப்புசாமி அந்தக் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பல்லால் கடித்து இழுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ராமுலு அப்படியே செய்தான். ஒரு கனத்த ஆளைத் தூக்கும்போது நாடா அவிழ்ந்து கையுறை உள்ளங்கைவரை சுருண்டது. நாலைந்து நாளில் அக்குளில் நெறி கட்டிவிட்டது. நடந்ததையெல்லாம், நினைவு தப்புவதற்கு முன்னால், மாசாணியிடம் சொன்னவன் அவனேதான். அவன் துடைத்துச் சுத்தம் செய்த அதே கொட்டகையில் ஒரு ஓரப் பாயில் கிடந்து செத்தான்.

"அவன் சரியாக் கட்டிக்கலைம்மா," என்றார் டாக்டர், நிஜமான வருத்தத்தோடு. பக்கத்தில் நின்ற அப்புசாமியும் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

அந்தத் தலையாட்டலைத்தான் மாசாணியால் பொறுக்க முடியவில்லை. அழுகை நின்றுவிட்டது. கோபம் பற்றிக்கொண்டது. அது பிறகு அணையவே இல்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றால் குடிசையும் அந்த வேலையோடு போய்விடும். தெருவிலிருந்து துணைக்கு வர வேறு யாரும் துணியவில்லை. கட்டாமல் உள்ளே போனால் ராமுலு போன வழிதான். ஆகவே வேலைக்குத் திரும்பிய காலையில் அவள் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "எனக்கு ஆருங்க சாமி கட்டியுடுவாங்க?"

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, "ஏன், அப்புசாமி கட்டட்டும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அப்புசாமி பணிவாகத் தலையசைத்தார். கார் சாலையில் திரும்பி மறையும்வரை அந்தப் பணிவு அவர் முகத்தில் இருந்தது.

மாசாணி கையை நீட்டினாள். "கட்டியுடுங்க சாமி."

"அவரு சொல்லிப்போட்டுக் காருல போயிருவாரு. நானு ஊட்டுக்குப் போயி நாலு பேரு மூஞ்சில முழிக்கோணும். பல்லால இழுத்துக் கட்டிக்க."

"பல்லால கட்டித்தானுங்க என்ற ஊட்டுக்காரரு போய்ச் சேந்தாரு."

"அதுக்கு?"

"கட்டியுட்டாத்தானுங்க உள்ள போவேன்."

அவள் கொட்டகை வாசலில் நின்றுகொண்டாள். நீட்டிய கையை மடக்கவில்லை. அப்புசாமி அவளைக் கவனிக்காதது போல மருந்துக் குப்பிகளைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். உள்ளே, பல்லடத்துப் பக்கமிருந்து கொண்டுவந்து போட்டிருந்த நாச்சியம்மாள் என்ற கிழவி தண்ணீர் கேட்டு முனகினாள். அந்த முனகல் மாசாணியைத்தான் அறுத்தது. இந்நேரம் அந்தக் கிழவியின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டியிருக்க வேண்டியவள் தான் அல்லவா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் காலை எடுத்து வைக்கவில்லை.

"ஏ மாசாணி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? பெரிய மனுசி தண்ணி தண்ணீன்னு கெடக்கறாங்க."

கேட்ட ஆளைப் பாருங்கள். கொட்டகை திறந்த நாளிலிருந்து அந்த வாசற்படியைத் தாண்டாத மனுஷன், ஈரத்தைப் பற்றிக் கேட்கிறார்.

"பானையில தண்ணி இருக்குதுங்க. நீங்க போயிக் குடுங்க," என்றாள் அவள்.

அப்புசாமி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மிரட்டிப் பார்த்தார். "உன்னைய வேலைய உட்டு எடுக்கச் சொல்லிப்போடுவேன்."

"சொல்லிப்போடுங்க. புதுசா வர்ற ஆளுக்கும் ரண்டு மணிக்கட்டு இருக்குமுங்க."

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாடாவில் ஒரு சுருக்குப் போட்டு, குச்சியின் நுனியில் மாட்டி நீட்டினார். கையை விட்டு இழுத்துக்கொள்ளச் சொன்னார். ஆட்டுக்குட்டிக்குக்கூட யாரும் அப்படிக் கயிறு போடுவதில்லை. மாசாணி கையை விட்டாள், ஒரு உதறு உதறினாள், சுருக்கு நழுவித் தரையில் விழுந்தது. "இத நம்பிப் பொணம் தூக்கச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வெயில் ஏறிவிட்டது. உள்ளே ஒருவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் மதியமும் ஒரு நடை வருவார். அதற்குள் உள்ளே சுத்தம் செய்யாவிட்டால் யார் போவது என்ற கேள்வி வரும். அதை நினைத்த பிறகுதான் அப்புசாமி எழுந்து வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கைகாரர் அல்லவா, முடிச்சு கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டி முடித்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

மாசாணி அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். நோய் பிடித்தவரை அவர் தொடவில்லை. அவர் தொட்டது வெந்நீரில் போட்டு எடுத்த கையுறையையும் சலவை அங்கியையும். கொட்டகை முழுவதும் பிளேக் நிறைந்து கிடக்க, அந்த மனுஷன் மாசாணியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கோபத்தோடே நாச்சியம்மாளின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டினாள்.

வெளியே வரும்போதெல்லாம் அங்கியையும் கையுறையையும் கழற்றிப் பீனாயிலில் போட வேண்டும், திரும்ப உள்ளே போகும்போது புதிதாகக் கட்ட வேண்டும். இது டாக்டரின் சட்டம். ஆகவே ஒவ்வொரு தடவையும் மாசாணி கையை நீட்டினாள், ஒவ்வொரு தடவையும் அப்புசாமி கட்டினார், ஒவ்வொரு தடவையும் கிணற்றடிக்கு ஓடினார். அவள் வேண்டுமென்றே அடிக்கடி வெளியே வந்தாள் என்று கொட்டகைக் காவல்காரன் பின்னால் சொல்லித் திரிந்தான். வந்திருந்தால் நல்லதுதான். டாக்டரோ முடிச்சைப் பார்த்து, "சபாஷ் அப்புசாமி," என்று தட்டிக்கொடுத்தார். அவரும் அதை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

தை பிறந்தும் பனி விடவில்லை. அப்புசாமிக்கு மூக்கு ஒழுகியது, தொண்டை கட்டியது, இருமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம், பனி சோளக்காட்டை மூடிக் கிடந்தது. அவர் முடிச்சைப் போட்டார். எழுந்து கிணற்றைப் பார்த்தார். தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு மப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்ப வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, காபியை எடுத்து ஊதினார்.

அவர் மனம் மாறிவிட்டது என்று யாரும் உச்சி குளிர வேண்டாம். தண்ணீர் சில்லிட்டது, அவ்வளவுதான்.

மாசாணி உள்ளே போகாமல் நின்றாள். "ஏனுங்க, தண்ணி வாத்துக்கலீங்களா?"

"குளுருது. போ, போயிச் சோலியப் பாரு."

இத்தனை லேசாக விட்டுவிடக் கூடியதா அந்தத் தீட்டு? வானம் இடிந்து விழவில்லை. அவருடைய நாலு பேரும் ஓடி வந்து கேட்கவில்லை. காபிகூட ஆறவில்லை. ஒரு குளிருக்காக விட முடிந்ததை ஒரு உயிருக்காக விட முடியாமல் போயிற்றே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என்ற ஊட்டுக்காரரு வந்து கைய நீட்டினாரே," என்றாள் மாசாணி, "அன்னைக்கும் இதே குளுருதானுங்க."

அப்புசாமி தம்ளரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.  உள்ளே யாரோ தண்ணீர் கேட்டார்கள், அவள் போனாள்.