மிக்கேலின் இடது கால்

அண்ணாச்சி, நீங்கள் மேடையில் மைக் பிடித்துச் சொன்னது பொய். மிக்கேலின் காலில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் பழைய ஃபோர்மேன் அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். லாரி முதலாளிகள் சேர்ந்து நடத்திய விழா. பழைய பட்டறை ஆட்கள் யாராவது கண்ணில் படுவார்கள் என்று நானும் போனேன். அண்ணாச்சி பேச எழுந்தார்.

"நம்ம பட்டறையில ஒரு டிரைவர் இருந்தான், பெரியதாழைக்காரன். கிளட்ச் மேல காலை வச்சிட்டே தூங்கிருவான். லாரி ஆடுது அண்ணாச்சின்னு வந்து நிப்பான். ஏலே, ஆடுதது லாரி இல்லல, உன் காலுன்னு சொல்லி அனுப்புனேன்."

மண்டபமே சிரித்தது. பின்னால் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குப் பசிதான். ஆனாலும் எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே ஒருவன் மண்டபத்து இரும்பு கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தான். துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பார்களே, அந்தச் சிவப்புப் பெயிண்ட். அந்த வாசம் எனக்கு ஆகவே ஆகாது. கல்யாண வீட்டு மல்லிகைப்பூ வாசத்தைக்கூட மீறிக்கொண்டு அது மூக்கில் ஏறியது. அடுத்த நிமிடம் நான் எழுபதுகளில் நின்றேன், துறைமுகச் சாலைப் பட்டறையில், முழங்கை வரை சிவப்பாக.

எங்கள் பட்டறைக்கு வருகிறதெல்லாம் உப்பு லாரிகள். உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு ஈர உப்பை ஏற்றிக்கொண்டு போகும். உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் ஒழுகி அடியெல்லாம் இறங்கும். புது லாரியைத் தாங்கும் இரும்புச் சேசிஸ்கூட அப்பளம் மாதிரி உதிர்ந்துபோகும். அதனால் அண்ணாச்சி ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்தச் சாமானைக் கழற்றினாலும், திரும்ப மாட்டும் முன் சிவப்பு அடிக்க வேண்டும். நட்டுக்குச் சிவப்பு, ஜாக்கிக்குச் சிவப்பு, ஸ்பேனர் பெட்டிக்குச் சிவப்பு. டீ வாங்கும் தூக்குக்கும் ஒருநாள் அடித்துவிட்டார்கள். பட்டறை நாய் வாலில் எப்போதும் ஒரு தீற்றல் இருக்கும். "ரெண்டு நிமிசம் சும்மா நின்னா நமக்கும் ஒரு கோட்டிங் குடுத்துருவாரு" என்று மிக்கேல் அண்ணன் சொல்லுவார். சட்டம் தப்பென்று சொல்லவில்லை. உப்புக்குப் பயப்படாதவன் இந்த ஊரில் இரும்பு வைத்துப் பிழைக்க முடியாது.

மிக்கேல் அண்ணன் நல்ல கறுப்பு, நல்ல உயரம். பெரியதாழையில் அவர் வீட்டு ஆட்களெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவர்தான் ஸ்டியரிங் பிடித்தார். சட்டைப்பையில் ஜெபமாலை, காதில் பீடி. சுமையோடு முதல் கியரில் லாரியை எடுத்தால் டேஷ்போர்டில் வைத்த டீ சிந்தாது. இதை நான் அன்பில் சொல்லவில்லை. டீயை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவர் ஓட்டிய லாரி எங்கள் பட்டறை முதலாளியுடையது. அதில் எஞ்சின் பின்பக்கம் எண்ணெயை அடைத்து நிற்கும் ஆயில் சீல் ஒழுகியது. கியர்பாக்ஸை இறக்கினோம், கிளட்சைக் கழற்றினோம், பிளைவீலையும் கழற்றினோம். பிளைவீல் என்றால் எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கும் கனத்த இரும்புச் சக்கரம். அதன் முகத்தில்தான் கிளட்ச் பிளேட் வந்து ஒட்டும். சீலை மாற்றி எல்லாவற்றையும் திரும்ப மாட்டி அனுப்பினோம்.

அன்று தொடங்கியது வினை. கிளட்சை விட்டுக் கிளப்பும்போது லாரி குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கியது. பெடலில் கால் வைத்தால் முழங்கால் வரை அதிர்ந்தது. மிக்கேல் அண்ணன் வந்து சொன்னார்.

"அண்ணாச்சி, சீல் மாத்துனதுல இருந்துதான் இப்படி ஆடுது."

"சீலுக்கும் கிளட்சுக்கும் என்னல சம்பந்தம்? காலைத் தூக்கி ஓட்டு."

பிளேட் கருகியது. புதுப் பிளேட் போட்டோம். அதுவும் கருகியது. பிரஷர் பிளேட்டை மாற்றினோம், பேரிங்கை மாற்றினோம், எஞ்சின் மவுண்டிங் ரப்பரை மாற்றினோம். எல்லாம் புதிது, நடுக்கம் மட்டும் பழையது. பிளேட் கருகினால் டிரைவர் கிளட்சை மிதித்தபடியே ஓட்டுகிறான் என்று அர்த்தம். எங்கள் ஊர் லாரி முதலாளிகளுக்கு அது வேதவாக்கு. அப்படிப் பேர் வாங்கியவனை எவனும் வேலைக்கு வைக்க மாட்டான்.

மிக்கேல் அண்ணன் கெஞ்சினார். "ஒரு நடை, ஒரே ஒரு நடை பக்கத்துல உக்காந்து என் காலைப் பாருங்க அண்ணாச்சி." அண்ணாச்சி உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். அளத்திலிருந்து துறைமுகம் வரை, கியர் மாற்றும் நேரம் தவிர, அந்த மனிதர் இடது காலைச் சீட்டின் மேல் மடித்து வைத்து, பந்திக்கு உட்கார்ந்தவர் மாதிரி ஓட்டினார். அப்படியும் லாரி கிளம்பும்போதெல்லாம் நடுங்கியது. துறைமுக கேட்டு வருவதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. அங்கே நின்ற டிரைவர்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். "என்ன மிக்கேலு, லாரில பூசைக்கு உக்காந்திருக்கியோ?" என்று ஒருவன் கேட்டான். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். புது டிரைவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் வந்து சேருமுன் அண்ணாச்சி மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார். கூட இருந்தவன் நான் மட்டும்.

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். கோளாறைக் கண்டுபிடித்தவர் அண்ணாச்சிதான். நானில்லை. எனக்கு அந்த மூளை கிடையாது. கருகிய பிளேட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மயிரிழைக் கோணலையும் முள் ஆடிக் காட்டும் டயல் கேஜை எடுத்துவரச் சொல்லி, அதன் நுனியைப் பிளைவீல் முகத்தில் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். சக்கரம் நேராக உட்கார்ந்திருந்தால் முள் அசையாது. முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்தது. பிளைவீலைக் கழற்றி, கேஜின் நுனியைக் கிராங்கின் முகத்தில் வைத்துப் பார்த்தார். முள் நின்றது. கிராங்க் நேர்.

"அப்ப ரெண்டுக்கும் நடுவுலதான் சனியன் இருக்கு" என்றார்.

பிளைவீலைக் கவிழ்த்தோம். அதன் முதுகில், கிராங்கோடு ஒட்ட வேண்டிய இடத்தில், சிவப்பு. சீல் மாற்றிய அன்று சட்டப்படி பெயிண்ட் அடித்து, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஈரப் பெயிண்ட் ஒழுகி ஒரு பக்கம் கட்டியாகக் காய்ந்துவிட்டது, மணலும் சேர்த்து. அதற்கு மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். சக்கரம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. கோணல் சக்கரத்தில் பிளேட் எப்படி ஒழுங்காக ஒட்டும்? எவன் கால் வைத்தாலும் நடுங்கத்தான் செய்யும், கருகத்தான் செய்யும்.

அண்ணாச்சி உட்கார்ந்து தன் கையாலேயே சுரண்டினார். பெட்ரோல் துணியால் பளபளவென்று துடைத்தார். திரும்ப மாட்டி டயல் வைத்தோம். முள் அசையவில்லை.

"அண்ணாச்சி, அப்ப மிக்கேல் அண்ணன்?"

"போனவன் போயிட்டாம்லே. பட்டறைப் பேரு நிக்கணும்லா."

புது டிரைவர் வந்து லாரியை எடுத்தான். வெண்ணெய் மாதிரி கிளம்பியது. பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? "பாத்தியா, ஆளை மாத்துனதும் ஆட்டம் நின்னுட்டு." நாங்கள் செய்த ரிப்பேரே மிக்கேலுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. நான் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"இவன் மிக்கேலுக்கு வேண்டியவன் முதலாளி. பெயிண்ட் அடிச்சா லாரி ஆடுமா? நீங்களே சொல்லுங்க."

முதலாளி சிரித்தார். எனக்கு அன்றோடு அந்தப் பட்டறை முடிந்தது. எனக்கென்ன, ஸ்பேனர் பிடித்தவன் எங்கேயும் பிழைப்பான்.

மிக்கேல் பிழைக்கவில்லை. கடலை விட்டு வந்தவர் திரும்பப் போய்க் கரையில் வலை இழுத்தார். ஒருமுறை பெரியதாழைக்குப் போனேன். பெயிண்ட் விஷயத்தை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நீ எனக்காகச் சொல்லுத தம்பி. என் காலுலதான் என்னமோ இருந்திருக்கு" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது பாதம் தரையில் படவில்லை, ஒரு விரற்கடை தூக்கியே இருந்தது. அவர் மனைவி ரோசம்மா அக்கா என்னைத் தனியாக அழைத்து, "பஸ்ஸுல போனாலும் இப்படித்தான் தூக்கி வச்சிக்கிடுதாக. தூக்கத்துலயும் அப்படித்தான் கெடக்காக" என்றார்.

இப்போது அவர் படுக்கையில் இருக்கிறார். மகன் லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலை தேடுகிறான். விழாவுக்கு மறுநாள் ஒரு லாரி ஆபீசில், "நேத்து அண்ணாச்சி சொன்னாரே, அந்தத் தூங்குமூஞ்சி மகனா நீ?" என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பட்டறை இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. மரப்பலகை உப்பு லாரிகளே ஊரில் இல்லை. அந்த லாரி பழைய இரும்புக்குப் போயிற்று, பிளைவீல் எந்த உலையில் உருகியதோ. முதலாளி செத்துப்போனார். டயல் முள் ஆடியதைப் பார்த்த கண்கள் இரண்டு பேருடையவைதான் மிச்சம். என் வாயை அன்றே யாரும் நம்பவில்லை. நம்பப்போவது உங்கள் வாயைத்தான், அண்ணாச்சி.

பெரியதாழைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில் கோயில் வாசலில் நில்லுங்கள். அந்தப் பிளைவீலின் முதுகிலிருந்து நீங்கள் சுரண்டி எடுத்தது என்ன? அது அங்கே யார் போட்ட சட்டத்தால் வந்தது? பதில் சொல்லுங்கள். மிக்கேலின் வீடு அங்கிருந்து நாலாவது. அவர் காதில் விழுகிற மாதிரி, சத்தமாகச் சொல்லுங்கள்.